அறையில் நில்லாதவர்

ஊசி தட்டைத் தொட்டதும் அவர் அறையை விட்டுப் போய்விடுவார். அவரைப் பற்றி எதை நினைக்கத் தொடங்கினாலும் எனக்கு முதலில் தெரிவது அந்த முதுகுதான்: நீலக் கோடு போட்ட பனியன், இடப்பக்கம் சற்றே தாழ்ந்த தோள், சாத்தும்போது ஓசை எழாதிருக்கக் கதவில் ஒரு கணம் தங்கும் கை. பாட்டு முடிந்து ஊசி வெறுஞ்சுற்றில் உரசத் தொடங்கும்போது சொல்லி வைத்ததைப் போலத் திரும்பி வருவார். முடிந்தது அவருக்கு எப்படித் தெரிகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தலத்தெருவில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு அவருடையது. சைகோனுக்குப் போய்வந்த ஒரு பிரெஞ்சுக் கப்பலின் எந்திர அறையில் இருபது ஆண்டுகள் எண்ணெயும் புகையுமாக நின்றவர். தெரு அவரைக் கப்பக்காரர் என்றது. என் அம்மா ‘அண்ணே’ என்றாள். அதனால் எனக்கு அவர் கப்பல் மாமா. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் செய்ததை எழுதுவதே அவர் அனுமதித்திருக்கக்கூடிய எல்லைக்கு மேற்பட்டது.

அவர் சாவி கொடுத்துப் பாடவைக்கும் பழைய கிராமபோன்களைச் சேர்த்தார். பத்து வயதில் நான் எண்ணியபோது பதினான்கு இருந்தன. பள்ளியை முடித்தபோது பத்தொன்பது. பித்தளைப் புனல் பூவாக விரிந்தவை, மூடினால் தகரப் பெட்டி போலாகிவிடுபவை, ஆள் உயரத்துக்கு நின்று புனலை வயிற்றுக்குள் மறைத்துக்கொண்ட ஓர் அலமாரி. எழுபதுகளில் இவை எங்கள் ஊரில் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. அவர்கள் விட்டுப்போகும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஆள் வந்தது. கை வலிக்கச் சாவி கொடுத்தால் மூன்று நிமிடம் பாடுகிற பெட்டியை யாரும் கேட்கவில்லை. அவர் கேட்டார்.

கேட்டு வாங்குவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பெட்டியை எடுக்கும் முன், அந்த வீட்டார் தங்களுக்குப் பிடித்த தட்டைக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பார். தாமே சாவி கொடுப்பார். சுருள்வில் முழுக்க இறுகிவிடாமல் கடைசி இரண்டு சுற்றை மணிக்கட்டின் கணக்கில் விட்டுவைப்பார். புது ஊசி மாட்டுவார். பிறகு தெருவில் இறங்கி வெயிலில் நிற்பார். ஒருநாள் அப்படி நின்றவரைப் பார்த்து, கூடையை இறக்கிவைத்த மீன்காரம்மாள் கேட்டாள்:

"என்ன கப்பக்காரரே, உள்ள பாட்டு ஓடுது, நீங்க இங்க வெயில்ல காயிறீங்க. கருவாடு ஆவப் போறீங்களா?"

"அவங்க கேக்குற பாட்டு. நடுவுல நமக்கென்ன வேலை?"

"சோத்துப் பானை வைக்க இடமில்லன்னு உங்க வூட்டம்மா பொலம்புது. இதுல இன்னொரு ஊதுகொழலா?"

"இது ஊதாது. பாடும்."

"பாடும், பாடும். நீங்கதான் கேக்க மாட்டீங்களே."

அவர் சிரித்தார். உள்ளே பாட்டு ஓய்ந்த நொடியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். அந்த வீட்டுப் பெண்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பாராமல் பெட்டியைத் துணியில் சுற்றினார்.

தெரு இதற்கு மரியாதை என்று பெயரிட்டது. ஒரு வீட்டு அழுகையை அடுத்த வீடு சன்னல் வழியாகக் கேட்டுக்கொள்வதுதான் எங்கள் தெருவின் இயல்பு. கேட்காமலிருப்பதற்காக எழுந்து போகிறவர் அவர் ஒருவர்தான். மாதா கோயில் உபதேசியார் இதைச் சொல்லிச் சிரிப்பார்: "அந்த மனுசனை, ஊரார் பாவத்தைக் கேக்குற பாவசங்கீர்த்தனத் தொட்டியில உக்கார வச்சாலும் காதைப் பொத்திக்குவாரு." எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஊசி விஷயத்தில் அவர் கடுமையானவர். ஒரு பாட்டுக்கு ஓர் ஊசி. "ஒரு தடவை பாடுனதும் அது ஊசியில்ல, உளி" என்பார். புது ஊசி கிடைக்காத மாதங்களில் கருவேல முள்ளைப் பிளேடால் சீவி மாட்டுவார். முள்ளில் ஓடும் குரல் சற்று அடங்கி, பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதைப் போல வரும். பன்னிரண்டு வயதில் ஒருநாள், ஓடி முடித்த ஊசியை மாற்றாமலே அடுத்த தட்டின்மேல் வைத்துவிட்டேன். அவர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"இன்னொரு தடவை இதைச் செஞ்சே, இந்த வீட்டுப் படி ஏறாதே."

பிறகு தம் கையைப் பார்த்தார். என் மணிக்கட்டை விட்டார். அடுக்களைக்குப் போய்விட்டார். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஒரு சினிமாப் பாட்டுத் தட்டுக்காகப் பெரியவர் ஒருவர் இப்படிப் பாய்வாரா என்று நான் திகைத்து நின்றேன்.

அவர் மனைவி இறந்த நாளைத் தெரு மன்னிக்கவில்லை. அந்த அம்மாளைக் காற்றுக்காக முன்னறையில், அலமாரிக் கிராமபோனின் அருகே கிடத்தியிருந்தார்கள். குருவானவர் வந்து, சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்து முடித்திருந்தார். அந்த அம்மாளின் உதடு அசைந்தது. அவர் எழுந்தார். என் அம்மா குறுக்கே போனாள்.

"அண்ணே, எங்க போறீங்க? உங்களைத்தான் பாக்குறாங்க."

"என்னமோ சொல்ல வர்றா. சாமியார்கிட்ட சொல்லட்டும்."

முன்னறைக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், சுருள்வில்லும் எண்ணெய்ப் புட்டிகளும் வைத்திருந்த சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மாள் குருவானவரிடம் எதுவும் சொல்லவில்லை. முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சிறிது நேரம் பேசினாள். பிறகு இறந்தாள். "கல்லுய்யா அந்த ஆளு" என்று தெரு சொன்னது. அவர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்ததை அம்மா மட்டும் பார்த்ததாகச் சொன்னாள்.

என் தாய்மாமனின் தட்டைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நான் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் போனவர். அங்கே படைவீரர்கள் ஒரு சிறு கூண்டுக்குள் நின்று பேசினால் அந்தப் பேச்சைத் தட்டில் பதிந்து ஊருக்கு அஞ்சலில் அனுப்பித் தருவார்களாம். கடிதத்துக்குப் பதிலாகக் குரல். மாமாவிடமிருந்து அப்படி ஒரு தட்டு வந்தது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது, கறுப்பு, பழுப்புத் தாள் உறை. தலத்தெருவில் அன்று கிராமபோன் வைத்திருந்தவர் கப்பல் மாமா ஒருவர்தான். இரண்டு மாதம் கழித்துப் படையிலிருந்து இன்னோர் உறை வந்தது. அதில் ‘திஸ்பாரூ’ என்று எழுதியிருந்தது. காணவில்லை என்று பொருள். இறந்துவிட்டார் என்று அதில் இல்லை. அந்த வேறுபாட்டை அம்மா முப்பது ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் திருநாள். அன்றைய காலைப் பூசையில் வாசிப்பதற்காக, இறந்தவர்களின் பெயர்களை முன்கூட்டியே கோயிலில் கொடுத்துவைப்போம். அம்மா என் அப்பாவின் பெயரைக் கொடுப்பாள். எனக்கு நான்கு வயதாயிருக்கையில் காய்ச்சலில் போனவர் அவர். மாமாவின் பெயரை ஒருபோதும் கொடுத்ததில்லை. கல்லறையில் அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அங்கிருந்து நேரே கப்பல் மாமா வீட்டுக்கு நடப்போம். இறந்தவரைப் பார்த்துவிட்டு உயிரோடிருப்பவரைக் கேட்கப் போவதாக அம்மாவின் கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்தத் தட்டு ஓடும். "பிளேட்டுக்கு ஆயுசு கம்மி தங்கச்சி. வருசத்துக்கு ஒரு தடவைன்னா உங்க காலத்துக்கும் வரும்" என்று அவர் விதித்திருந்தார். தட்டும் அவரிடமே இருந்தது.

முன்னறைப் பலகையில் நாங்கள் உட்காருவோம். அவர் பின்னறைக்குப் போய்த் தட்டை எடுத்து, ஒரு கருவேல முள்ளைச் சீவிக்கொண்டு வருவார். அலமாரிக் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். முள்ளைத் தட்டின்மேல் இறக்கியதும் வழக்கம்போல் வெளியேறுவார். முதலில் மணல் சரிவதைப் போன்ற இரைச்சல். பிறகு அதன் அடியிலிருந்து, மூக்கால் வரும் ஓர் இளைஞனின் குரல்:

"அக்கா, நான் நல்லா இருக்கேன். இங்க ஒரே மழை. கால்ல இருந்த புண்ணு ஆறிடுச்சு. மீன் கெடைக்குது, நீ வைக்கிற மாதிரி இல்ல. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்து. கொல்லையில இருக்குற முருங்கையை நான் வர்ற வரைக்கும் வெட்டாதே. நேரமாச்சுன்னு சொல்றாங்க. வரட்டுமாக்கா."

இவ்வளவுதான். அம்மா முதல் சொல்லிலேயே அழத் தொடங்கிவிடுவாள். முருங்கை சுவரைச் சாய்த்துக்கொண்டிருந்தது, கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வந்தது, அதை வெட்டவில்லை.

பள்ளியில் எனக்குக் கடைசி ஆண்டு. பூவத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, சொந்த வீடு. தை மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றார்கள். அம்மா ஏறக்குறையச் சம்மதித்திருந்தாள். எனக்குக் கல்லூரியில் சேர வேண்டும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதுவரை இதைச் சொல்லவில்லை. அந்தக் கல்லறைத் திருநாளன்று, கப்பல் மாமா தட்டை எடுக்கப் பின்னறைக்குப் போயிருந்தபோது, வேறு யாரும் இல்லாத துணிவில் சொன்னேன்.

"எனக்குப் படிக்கணும்மா."

"கல்லறையில மிதிச்ச மண்ணு கால்ல இன்னும் காயல. இங்க வந்து ஆரம்பிக்காதே."

"இந்த ஒரு தடவைதான். இனிமே சொல்ல மாட்டேன்."

"சொல்லி? யாரு முன்னால நிக்கிறது, யாரு பின்னால வர்றது? ஆம்பளை இல்லாத வீடு. என் தம்பி வந்து சொல்லட்டும், படிக்க வைன்னு. அன்னைக்கு அனுப்புறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் தட்டோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. முள்ளை வழக்கத்தைவிட நெடுநேரம் சீவினார். இறக்கினார். போனார்.

மழை, புண், மீன், மெழுகுவத்தி, முருங்கை. அதற்குப் பிறகு இரைச்சல் சற்று நீண்டது. பின்பு அந்தக் குரல் சொன்னது:

"நாளைக்கு உனக்கு ஒரு பொண்ணு பொறந்தா நல்லாப் படிக்க வைக்கா. ஊருக்குப் பயந்து நிறுத்திடாதே. நேரமாச்சுன்னு சொல்றாங்க. வரட்டுமாக்கா."

அம்மாவின் விரல்கள் என் தொடையில் பதிந்தன. அவர் திரும்பி வந்து தட்டைத் தூக்கி உறையில் இட்டார். "அண்ணே, கேட்டீங்களா?" என்றாள் அம்மா. "நான் எங்க தங்கச்சி கேட்டேன்? உள்ளல்ல இருந்தேன்" என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா தானே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்தாள். "எல்லா வருசமும் சொல்லியிருப்பான். அழுதுகிட்டே கேட்டா என்ன காதுல விழும்? எனக்கு அது தேவைப்பட்டப்ப விழுந்துச்சு." மறுநாள் பூவத்துக்கு ஆள் போய் வேண்டாமென்று சொல்லிவந்தது. அம்மா அழுதது உண்மை. தட்டைக் கேட்கையில் நான் ஒருமுறையும் அழவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டேன். எனக்குச் சாதகமான பாடத்தை நான் ஐயப்படவில்லை.

கல்லூரியில் தமிழிலக்கியம் எடுத்தேன். இரண்டாம் ஆண்டில் பாடவேறுபாடு பற்றிய வகுப்பு வந்தது. ஏட்டைப் படியெடுப்பவன் சோர்ந்து ஒரு சொல்லை விடுவான். தானறிந்ததை இடையில் சேர்ப்பான். படிகளை ஒப்பிட்டால் எது மூலம், எது இடைச்செருகல் என்று காணலாம். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், விளையாட்டாகத்தான், மாமாவின் தட்டு சொன்னதை நான் கேட்ட ஆண்டுவாரியாக எழுதினேன். என் நினைவு இத்தகைய காரியங்களில் தவறுவதில்லை. முதல் ஆறு ஆண்டுகளில் அந்த வரி இல்லை. ஏழாம் ஆண்டில் வந்தது. அதன்பின் எல்லா ஆண்டும் இருந்தது. படியெடுப்பவனுக்குக் கை உண்டு, அதனால் வேறுபாடு உண்டு. தட்டுக்குக் கை இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டு கல்லறைத் திருநாள். முள் இறங்கியது, அவர் போனார். நான் பத்துவரை எண்ணினேன். தண்ணீர் குடித்து வருவதாக அம்மாவுக்குச் சைகை காட்டிவிட்டு, அடுக்களை நடை வழியாகச் சுற்றி, பின்னறைக் கதவை அவர் சாத்துகிற அதே முறையில், ஓசையில்லாமல் திறந்தேன்.

அவர் மடித்த கோணியின்மேல் முழங்காலிட்டிருந்தார். பலகைத் தடுப்பிலிருந்து, அந்தப் பக்கத்து அலமாரியின் புனலோடு இணைந்த ஒரு பித்தளைக் குழாய் வெளிப்பட்டு, அவர் வாய்க்கு நேரே கிண்ணம்போல் விரிந்திருந்தது. இடக்கையில் பழுப்பு உறை. வலக்கை விரல்கள் மூக்கை ஒருபாதி அழுத்தியிருந்தன. "மீன் கெடைக்குது, நீ வைக்கிற மாதிரி இல்ல" என்றார் அந்தக் கிண்ணத்துக்குள். அறுபது வயது வாயிலிருந்து இருபது வயதுக் குரல்.

என்னைப் பார்த்தார். நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது, தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கண்களை என் முகத்திலிருந்து எடுக்காமல் மெழுகுவத்தியைச் சொன்னார், முருங்கையைச் சொன்னார். பிறகு, என்னை நேராகப் பார்த்தபடி, "நாளைக்கு உனக்கு ஒரு பொண்ணு பொறந்தா நல்லாப் படிக்க வைக்கா" என்றார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடியில் காத்திருந்தது. அவர் பேச்சை முடித்து வாயை எடுத்ததும் அந்தக் குழாய் விம்மியது. அம்மாவின் அழுகை, மூக்குறிஞ்சல், "தம்பி, தம்பி" என்ற முணுமுணுப்பு, எல்லாம் என் காதுக்குள்ளேயே நிகழ்வதுபோல் அதன் வழியாக வந்தன. முன்னறையில் புனலின் எதிரே பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் இந்தக் கோணிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காதைப் பொத்திக்கொள்ளும் மனிதர் என்று தெரு நம்பிய ஆள், எங்கள் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் பிற்பகல் போனேன். ஒரு பயணப்பெட்டிக் கிராமபோனின் சுருள்வில்லைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"கப்பல்ல மேல இருந்து கேப்டன் பேசுறது, கீழ எஞ்சின் ரூம்ல எங்களுக்குக் குழாயிலதான் வரும்" என்றார், எண்ணெயைப் பார்த்தபடி. "மேல அவங்க தங்களுக்குள்ள பேசுறதும் வரும். குழாய்க்கு ரெண்டு பக்கமும் வாய்தான், ரெண்டு பக்கமும் காதுதான். மேல இருக்குறவங்களுக்கு அது மறந்து போயிடும்."

"மாமாவோட தட்டு?"

"அதுல ஒண்ணும் இல்ல. இரைச்சல்தான்."

"எப்பலேருந்து?"

அவர் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "காணலன்னு லெட்டர் வந்த அன்னைக்கு. நான் லீவுல இருந்தேன். துக்கம் கேக்க வந்தவங்க எல்லாரும் அவன் குரலைக் கேக்கணும்னாங்க. வந்தவங்களுக்கு எல்லாம் போட்டேன். அந்த அழுகைச் சத்தத்துல அவன் பேசுனது எனக்குச் சரியா பிடிபடல. கடைப் பாட்டுத் தட்டு கெட்டி, தாங்கும். அனுப்புன தட்டு மெழுகு மாதிரி, அது எனக்குத் தெரியாது. இரும்பு ஊசி. அதுவும் ஒரே ஊசி. எத்தனை தடவைன்னு எண்ணல. ஒவ்வொரு தடவைக்கும் குரல் ஒரு அடி பின்னால போச்சு. எல்லாரும் கிட்ட வந்து காதை வச்சாங்க. கடைசியில மாவு மாதிரி கறுப்புத் தூளு ஊசியில சுத்தியிருந்துச்சு. உங்க அம்மா அப்ப மயங்கி உள்ள கெடந்துச்சு. அவனைச் சைகோன்ல யாரு கொன்னாங்களோ தெரியாது. இங்க நான்தான்."

நான் பன்னிரண்டு வயதில் பிடிபட்ட மணிக்கட்டை மறுகையால் பற்றிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அடுத்த வருசம் வந்து, ஒரே ஒரு தடவை போடுங்கண்ணேன்னு நின்னுச்சு. தேஞ்சு போச்சுன்னு சொல்ல வாய் வரல. என்ன பேசியிருந்தான்னு ஞாபகம் இருக்கா தங்கச்சின்னு கேட்டேன். உறையில எழுதி வைக்கணும்னு பொய் சொன்னேன். அது சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அப்ப முருங்கை?"

"உங்க அம்மா சொன்னது. அவன் சொன்னானான்னு அவனைத்தான் கேக்கணும்."

"என் படிப்பு?"

"அது நான் சொன்னது." முதன்முறையாக நிமிர்ந்தார். "படிச்சியா இல்லையா?"

வேறொன்று கேட்டேன். "எத்தனை வீட்டுக்கு இப்படி?"

"விசயம் புரியறதுக்குள்ள நாலு வீட்டுத் தட்டு என் கையில தேஞ்சுது. மூணு வீடு பிரான்சு போயிடுச்சு. மிச்சம் உங்க அம்மா." எண்ணெயில் கிடந்த சுருள்வில்லைத் திருப்பிப் போட்டுவிட்டு, "என் வூட்டம்மாவுக்கு மட்டும்தான் குழாய் தெரியும். அதான் அன்னைக்கு அது பலகைப் பக்கம் திரும்பிப் பேசுச்சு" என்றார். அவள் என்ன பேசினாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லப் போறியா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். சொன்னால் மாமா இறப்பார். சொன்னால் என் கல்லூரியும் ஒரு முதியவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன பொய்யின்மேல் நிற்பது அம்மாவுக்குத் தெரியும். இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று துல்லியமாகச் சொல்ல இன்றும் என்னால் இயலவில்லை. அடுத்த கல்லறைத் திருநாளிலும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்துகொண்டே, கேட்டேன். அந்த வரி வரும்போது தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்கடுத்த ஆண்டு மழைக்காலம் தொடங்குமுன் அவர் படுத்தார். இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. நான் கஞ்சி கொண்டுபோன ஒரு காலையில், தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்து நீட்டினார்.

"நீ என்ன செஞ்சாலும் சரி. உள்ள போறதா இருந்தா மூக்கால மூச்சு விடாதே. குழாயில கேக்கும்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றார், இருமல் வந்தது. அந்த வாரமே இறந்தார். பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகன் பிரான்சிலிருந்து வந்து பெட்டிகளை விற்கும்வரை வீட்டுச் சாவி அம்மாவிடம் இருக்கட்டும் என்றார்கள்.

பத்து நாட்கள், வீட்டில் ஆளில்லாத நேரங்களில், நான் பயின்றேன். உறையிலிருந்த பென்சில் எழுத்து மங்கியிருந்தது, தேவையுமில்லை, மனப்பாடம். மூக்கைப் பாதி அழுத்தி, தொண்டையைத் தாழ்த்தி, ‘அக்கா’ என்ற ஒரு சொல்லை மட்டும் நூறுமுறை சொன்னேன். கடைசி நாட்களில் அது என் குரலாக இல்லை.

கல்லறைத் திருநாள் பூசையில் அப்பாவின் பெயரையும், அவ்வாண்டுப் புதுப் பெயராகக் கப்பல் மாமாவின் பெயரையும் வாசித்தார்கள். அம்மா கல்லறையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். அங்கிருந்து வழக்கம்போல் நடந்தோம். அவள் தானே பூட்டைத் திறந்து, பலகையில் தன் இடத்தில் அமர்ந்தாள். நான் அலமாரிக்குச் சாவி கொடுத்தேன். கடைசி இரண்டு சுற்றை விட்டுவைத்தேன். முள்ளைச் சீவினேன். இறக்கினேன். மணல் சரியத் தொடங்கியது.

கால்கள் நகரவில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள போகலையா? அவரு போவாரே."

"இல்லம்மா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டு சுற்றியது. மழை வர வேண்டிய இடத்தில் இரைச்சல், புண் ஆற வேண்டிய இடத்தில் இரைச்சல். அம்மா அந்த ஆண்டு அழவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்பதைப் போலக் கவனமாகக் கேட்டாள். என் வரி வர வேண்டிய இடத்தில் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முள் வெறுஞ்சுற்றுக்கு வந்து உரசியது. திரும்பி வந்து அதைத் தூக்க அவர் இல்லை. நான்தான் தூக்கினேன்.

"சரி" என்றாள் அம்மா. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "கோயிலுக்குப் போயிட்டு வந்துடுவோம். உபதேசியார் இன்னும் இருப்பாரு."

கோயில் அலுவலறையில் உபதேசியார் மீந்த மெழுகுவத்திகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆத்துமத்துக்குப் பூசை வைக்க வேண்டும் என்று அம்மா சொல்ல, பதிவேட்டைத் திறந்தார். அம்மா தன் தம்பியின் பெயரைச் சொன்னாள். ஞானஸ்நானப் பெயரை முழுமையாக, ஓர் எழுத்தையும் விழுங்காமல்.

"எப்பம்மா தவறினாரு?"

"இன்னைக்கு."

அவர் பேனா நின்றது. "இன்னைக்கா? எங்க?"

"இங்கதான், நம்ம தலத்தெருவுல. பத்து, பத்தரை இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல், எல்லாரிடமும் கேட்பதையே அவர் கேட்டார்:

"கடைசி நேரத்துல பக்கத்துல யாரும் இருந்தாங்களாம்மா?"

"நான் இருந்தேன். எம் பொண்ணும் இருந்துச்சு" என்றாள் அம்மா. பிறகு, அது பதிவேட்டில் ஏற வேண்டிய செய்தி என்பதைப் போல, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்:

"அது எழுந்திரிச்சு உள்ள போகல."